கோபித்துக்கொண்ட கத்தரிக்காய்

கத்தரிக்காய் வாங்கும்போது நான் காம்பைத்தான் முதலில் பார்ப்பேன். முற்றலா, பிஞ்சா, சொத்தையா என்பதெல்லாம் அப்புறம். காம்பு ஒரு பக்கமாக வளைந்து, தலையில் தொப்பியைச் சாய்த்து வைத்த மாதிரி ஒன்று கண்ணில் பட்டால், வேண்டுமோ வேண்டாமோ எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்வேன். எங்கள் தெருக் காய்கறிக்காரி நான் காய் பொறுக்குவதில் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும். அவளுக்குத் திருத்தணி போட்டோ பாயைத் தெரியாது.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. எங்கள் நைனாவுக்கு மலையடிவாரத்தில் தேங்காய், பழம், கற்பூரம் விற்கிற கடை. கொஞ்சம் தள்ளி ஒரு போட்டோக் கடை. அதை வைத்திருந்தவர் முஸ்லிம். ஊரில் எல்லோருக்கும் அவர் போட்டோ பாய். காவடி எடுத்து வந்தவர்களையும், முடியிறக்கிய குழந்தைகளையும், புதுசாகத் தாலி கட்டிக்கொண்டவர்களையும், திரையில் எழுதிய ஒரு பூந்தோட்டத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடிப்பார். அந்தப் படங்களில் ஒருவர்கூடச் சிரித்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் கடன்காரனைக் கண்ட மாதிரியே நிற்பார்கள்.

சிரிப்பு மூட்டுகிற படங்களை பாய் தன் வீட்டுக்காக எடுத்தார். முகம் இருக்கிற படம் எதையும் வீட்டுச் சுவரில் மாட்ட அவருடைய அம்மா விடமாட்டார்களாம். ஊரில் இருக்கிற முகத்தையெல்லாம் படம் பிடிக்கிறவர் வீட்டில் சுவர் வெறுமையாக இருப்பதா? முகம்தானே கூடாது என்று காய்கறியையும் பாத்திரத்தையும் பிடித்துக்கொண்டார். பிடித்த படத்துக்குத் தானே உட்கார்ந்து தூரிகையால் வண்ணம் போடுவார். வீட்டுக்கு ஒன்று போக, கடை வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டியிலும் ஒன்று வைப்பார்.

ஒரு படத்தில் இரண்டு முருங்கைக்காய் தண்டவாளமாகக் கிடக்கும். அதன்மேல் பாகற்காய்ப் பெட்டிகள். முன்னால் இன்ஜினாக ஒரு கரிபிடித்த கெட்டில். அதன் மூக்கிலிருந்து பஞ்சுப் புகை. ரயில் பெட்டி சிவப்பாகத்தானே இருக்கும் என்று பாகற்காய்க்கெல்லாம் சிவப்பு வண்ணம் அடித்திருந்தார். இன்னொன்றில் பூசணிக்காய் ஒன்று மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு தலையணையில் தூங்கும். மற்றொன்றில் எலுமிச்சம்பழங்கள் தீப்பெட்டிப் படிகளில் வரிசையாக மலை ஏறும்; கடைசியில் வருகிற பழம் மட்டும் துடைப்பக் குச்சியில் பூ சுற்றிய காவடியோடு, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

எனக்கும் என் தங்கைக்கும் கத்தரிக்காய்ப் படம் என்றால் உயிர். பெரிய கத்தரிக்காய் ஒன்று அப்பா. இடுப்பில் பச்சைக் கண்ணாடி வளையலை ஒட்டியாணமாக மாட்டிக்கொண்டது அம்மா. காம்பு வளைந்த குட்டி ஒன்று இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு என்ன கோபம் என்பதுதான் எங்கள் பேச்சு. முட்டாய் வாங்கித் தரவில்லை என்பாள் தங்கை. நான் பெரியவள் ஆயிற்றே, அதைப் பள்ளிக்கூடம் போகச் சொல்லியிருப்பார்கள் என்பேன்.

நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் தினமும் அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்போம். சண்டையால் படம் பிடிக்கிற கண்ணாடித் தகடு வருவது நின்றுபோனது. இருக்கிற நாலு தகட்டையும் பாய் காவடிக் கூட்டத்துக்கென்று பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டார். அதனால் பெட்டியில் புதுப் படம் வரவே இல்லை. மாதக்கணக்கில் அதே ரயில், அதே பூசணி, அதே கோபம். எங்களுக்கு அலுக்கவில்லை. கண்ணை மூடினால் படம் வந்து நிற்கும், அவ்வளவு பாடம்.

அந்தக் கோடையில் தங்கைக்கு அம்மை போட்டது.

இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு இது என்னவென்று தெரியாது, நல்லது. அன்று அது நோய் இல்லை. ஆத்தாள் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அவ்வளவுதான். உடம்பில் வருவது கொப்புளம் இல்லை, முத்து. வாசலில் வேப்பிலை கட்டியதும் தெருவே எங்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு போகும். தாளிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடுமையான சட்டம் ஒன்று இருந்தது. அழக் கூடாது, பயந்த பேச்சுப் பேசக் கூடாது. குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று ஒரு வார்த்தை வாயில் வந்தால், ஆத்தாளைச் சந்தேகப்பட்ட குற்றம். அவள் கோபித்துக்கொள்வாள்.

எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருந்தது. முகத்தில் அதற்குச் சாட்சி இருக்கிறது. அம்மாவுக்கும் அப்படியே. அதனால் நாங்கள் இருவரும் அவள் பக்கத்தில் இருந்தோம். நைனாவுக்கு வந்ததில்லை, அவர் கடையிலேயே தங்கிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு எதிரில் இருந்த புங்கமரத்தடியில் இளநீரும் காய்கறியும் வைத்துவிட்டு, அங்கேயே நின்று, வேப்பிலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்.

தங்கை வேப்பிலை பரப்பிய பாயில் கிடந்தாள். முத்து முகம் முழுக்க இறங்கிவிட்டது. இமைகள் இரண்டும் வீங்கி, நடுவில் நூல் மாதிரி ஓர் இடைவெளி. அந்த நூலுக்குப் பின்னால் கண் என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவிலேயே அம்மையில் கண் போனவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். நான் அவரையே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அவரையே நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது, அவள் கை சோற்றில் அளைந்துகொண்டே இருந்து, ஒரு கவளம்கூட வாய்க்குப் போகாமல் இருந்ததில் தெரிந்தது. அம்மை குத்துகிறவர் தெருவுக்கு வந்தபோது தங்கையை நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தவள் அவள்தான். குழந்தைக்குக் கை வலிக்குமே என்று செய்தாள். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் முத்து எங்கள் வீட்டில்தானே வந்தது.

கண் தெரிகிறதா என்று கேட்க வழியில்லை. கேட்டால் சட்டத்தை மீறியதாகும்.

ஒரு நாள் காலையில் தங்கையே வாய் திறந்தாள். பாய் கடை ரயில் படம் பார்க்க வேண்டும் என்றாள். அம்மை கண்டவர்கள் கேட்டால் கேட்டது ஆத்தாள். இல்லை என்று சொல்லக் கூடாது.

"ஆத்தா கேக்கறா. எங்கனா பாத்து எடுத்துனு வா," என்றாள் அம்மா.

ஆத்தாளுக்குப் பாய் கடைப் பாகற்காயைப் பார்க்க ஆசை வந்தது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன். படத்தைக் கொண்டுவரவும் முடியாது. அது கண்ணாடிச் சட்டம் போட்டது. அம்மை வீட்டில் முகம் தெரிகிற கண்ணாடி எதுவும் ஆகாது. நைனா மரத்தடிக்கு வந்தபோது தூரத்திலிருந்தே சொன்னேன். மறுநாள் அவர் முருங்கைக்காயும் பாகற்காயும் கொண்டுவந்து வைத்தார். பாய் சொல்லி அனுப்பியதையும் அங்கிருந்தே கத்திச் சொன்னார். நிற்காத காய்க்குப் பின்னால் பிசைந்த மாவை ஒரு உருண்டை ஒட்டிவைக்க வேண்டும். காய்மேல் தண்ணீர் தெளித்துத் துடைத்தால் பளபளக்கும். பின்னால் வெள்ளை வேட்டி கட்ட வேண்டும். பஞ்சைப் பிய்க்கும்போது இழுத்துப் பிய்த்தால்தான் புகை மாதிரி இருக்கும். இப்படி ஒரு தொழில் ரகசியத்தைத் தெருவே கேட்கும்படி கத்திச் சொல்லிக்கொடுத்த வேறு யாரும் இருக்க முடியாது.

தங்கை படுத்திருந்த அறையின் வாசற்படியில் மணையைப் போட்டு, வேட்டியைக் கட்டி, ரயிலை நிறுத்தினேன். பாகற்காய்க்குப் பூசக் காவிக்கல் தேடினேன், அது வைக்கிற பானையில் இல்லை. போகட்டும் என்று அப்படியே வைத்தேன். கெட்டிலும் பஞ்சும் நன்றாக அமைந்துவிட்டன. தங்கையை மெல்ல என் பக்கம் திருப்பி, என்ன படம் சொல்லு என்றேன். கண் தெரிகிறதா என்று கேட்கக் கூடாது. என்ன படம் என்று கேட்கலாம் அல்லவா? அப்போதுதான் எனக்கே அது உறைத்தது.

"ரயிலு," என்றாள். "பொட்டியெல்லாம் செவப்பா கீது. புகை வந்துகினு கீது."

நானும் ஆங் என்று தலையாட்டினேன். சமையல் கட்டிலிருந்து வந்து நின்ற அம்மா மணையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். உள்ளே போய்த் தட்டில் கூழை ஊற்றிக்கொண்டு வந்து, தங்கை காதில் விழும்படி உட்கார்ந்து குடித்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவள் வயிற்றில் ஏதோ போனதைப் பார்த்து நான் வேட்டிக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு தினமும் அதுதான் வேலை. இரவு படுக்கும்போது தங்கை, நாளைக்கு எலுமிச்சம்பழம் என்பாள். மறுநாள் பழங்கள் படி ஏறும். நாளைக்குப் பூசணி என்பாள். நைனாவின் மூக்குக்கண்ணாடி அவர் மூக்கில் இருந்ததால், கம்பியை வளைத்து நானே ஒன்று செய்து மாட்டினேன். தங்கை ஒவ்வொன்றையும் அப்படியே சொல்வாள். காவடிப் பழம் மூச்சு வாங்குகிறது என்பாள், பூசணி குறட்டை விடுகிறது என்பாள். அவள் சொல்லி முடித்ததும் அம்மா தட்டோடு வந்து பக்கத்தில் உட்காருவாள். நான் சும்மா இருக்கவில்லை, படத்துக்குப் படம் கெட்டிக்காரியாகிக்கொண்டிருந்தேன். பாயே வந்து பார்த்தால்கூட ஒரு குறை சொல்ல முடியாது என்று கர்வம்.

கத்தரிக்காய்ப் படத்தைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அன்று நைனா வைத்துவிட்டுப் போன கத்தரிக்காயில் குட்டி ஒன்றுகூட இல்லை. இரண்டும் பெரிய காய்கள். மூன்றாவதாக என்ன செய்வது? சும்மா விளையாட்டாக, ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்து முதுகைக் காட்டி நிறுத்தினேன். அவள் பார்த்ததும் சிரிப்பாள், ஏமாத்துறியாக்கா என்பாள் என்று எண்ணிக்கொண்டேன்.

அவளைத் திருப்பி, என்ன படம் என்றேன்.

அப்பா கத்தரிக்காய் என்றாள். அம்மா கத்தரிக்காய் என்றாள், இடுப்பில் பச்சை வளையல் என்றாள். குட்டிக் கத்தரிக்காய் காம்பை வளைத்துக்கொண்டு திரும்பி நிற்கிறது, அதற்கு இன்னும் கோபம் தீரவில்லை என்றாள். நான் மணையைப் பார்த்தேன். வெங்காயம் நின்றுகொண்டிருந்தது.

அம்மா பின்கட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வெங்காயத்தை எடுத்துத் தங்கையின் உள்ளங்கையில் வைத்தேன். அவள் விரல்கள் அதை ஒரு சுற்றுச் சுற்றின. மூக்கருகில் கொண்டுபோனாள். பிறகு கையை மூடிக்கொண்டாள்.

"அம்மாகிட்ட சொல்லாதக்கா," என்றாள் குரலைத் தாழ்த்தி. "நான் சரியா சொன்னாத்தான் அம்மா சாப்புடுது."

வாசலில் தொங்கிய வேப்பிலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஆத்தாள்மேல் வந்த கோபம் இருக்கிறதே, அதை இன்றுவரை எந்தக் கோயிலிலும் போய்த் தீர்த்துக்கொள்ளவில்லை. ஒரு குழந்தையிடம் வந்து இருந்துகொண்டு, அதை இத்தனை பெரிய மனுஷி ஆக்குவாளா? ஆனால் அந்த வீட்டில் கோபத்துக்கும் இடமில்லை. சரி என்று தங்கையின் கையை அழுத்தினேன். அம்மா வந்தாள். தங்கை இன்னொரு தடவை, உரக்க, எல்லாவற்றையும் அழகாகச் சொன்னாள். அதற்குள் நான் மணையில் இருந்ததைக் கலைத்துவிட்டு, வெங்காயத்தை மடியில் கட்டிக்கொண்டுவிட்டேன். அம்மா சாப்பிட்டாள்.

பிறகு வந்த நாட்களில் நாங்கள் இருவரும் கூட்டுக் களவாணிகள். நான் படம் வைத்தேன், அவள் சொன்னாள். இப்போது படம் வைப்பது முன்போல இல்லை. எலுமிச்சம்பழத்தைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்குவேன், யாருக்காகத் துடைக்கிறேன் என்று கை நின்றுபோகும். மறுபடி துடைப்பேன். ஒருவேளை நாளைக்கு நூல் அகலமாகும், அப்போது மங்கலான பழத்தையா பார்ப்பாள்?

முத்து வாடத் தொடங்கியது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை முதல் முறை தலைக்கு ஊற்றினோம். வீக்கம் கொஞ்சம் வடிந்தது, இமை பிரியவில்லை. இரண்டாவது தண்ணீரும் ஊற்றியாயிற்று. மூன்றாவது தண்ணீர் ஊற்றினால் ஆத்தாள் மலையேறிவிடுவாள் என்பது கணக்கு. அன்றைக்கு என்ன தெரிகிறதோ அதுதான் முடிவு.

அதற்கு முந்தின சாயங்காலம் நைனா மூன்று கத்தரிக்காய் கொண்டுவந்தார். பாயே சந்தைக்குப் போய்க் கூடை கூடையாகப் புரட்டிப் பொறுக்கியவை. குட்டிக்குக் காம்பு அப்படியே படத்தில் இருந்த மாதிரி வளைந்திருந்தது.

காலையில் விடிந்ததும் படத்தை வைத்தேன். அப்பா, அம்மா, அம்மாவின் இடுப்பில் வளையல். குட்டியை முதுகு காட்டி நிறுத்தி, பின்னால் மாவு உருண்டை கொடுத்தேன். வைத்துவிட்டுத் தங்கையை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அம்மா தண்ணீர் ஊற்றினாள். ஈரத்துணியால் கண்ணைத் துடைத்துத் துடைத்து, பொருக்கை ஊறவைத்து எடுத்தாள். அவளைத் துவட்டிப் புதுப் பாவாடை கட்டுகிற வேலை என்னுடையது. அம்மா முன்னால் உள்ளே போய்விட்டாள். நான் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து வாசற்படிக்கு எதிரில் உட்காரவைத்தேன். வலது இமை பிரிந்திருந்தது. இடது கண் பிரிந்தும் வெள்ளையாக இருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

எப்போதும் நான்தான் கேட்பேன். அன்று அம்மா முந்திக்கொண்டாள். "இன்னா படம் கண்ணு?" என்றாள்.

தங்கை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். பாடம் மறந்துவிட்டதோ என்று எனக்குப் பதறியது. அவள் காதில் சொல்லலாமா என்று குனிந்தேன்.

"கத்தரிக்கா," என்றாள். "அக்கா, தப்பா வெச்சிகினு கீற. குட்டி திரும்பிக்கினு இல்ல. அது அவங்கம்மாவப் பாத்துகினு கீது."

பாடம் குழம்பிவிட்டது என்று நினைத்து மணையைத் திரும்பிப் பார்த்தேன். குட்டிக் கத்தரிக்காய் அம்மாக் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு, அதன் வளையலில் சாய்ந்து நின்றிருந்தது. அதை அப்படி நான் வைக்கவில்லை. அம்மாவின் விரல் நுனியில் மாவு ஒட்டியிருந்தது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைக்காமல், தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். ஆத்தாள் போய்விட்டாள்; இனி அழலாம். விடியலிலிருந்தே புங்கமரத்தடியில் நின்றிருந்த நைனா ஓடி வந்தார். அந்த அழுகையை அவர் எப்படிப் புரிந்துகொண்டாரோ, வாசலிலேயே தடுக்கி விழுந்து எழுந்து வந்தார். தங்கை அவரைப் பார்த்து, நைனா மீசை பெரிசாகிவிட்டது என்று சொன்ன பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

இடது கண் திரும்பவில்லை. ஒற்றைக் கண்ணால் அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். என்னைவிட அதிகமாகவே பார்த்தாள். நடக்கத் தெம்பு வந்ததும் முதலில் பாய் கடைக்குத்தான் போனோம். பெட்டிக்கு முன்னால் நின்று, தலையைச் சாய்த்துக் கத்தரிக்காய்ப் படத்தைப் பார்த்துவிட்டு, இது இன்னும் கோபமாகவே இருக்கிறது, எங்கள் வீட்டில் சமாதானமாகிவிட்டது என்று பாயிடம் சொன்னாள். பாய் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் உள்ளே போய்க் காவடிக் கூட்டத்துக்கென்று வைத்திருந்த தகட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். காயை மட்டும் அவளே வைக்க வேண்டும் என்றார். வைத்தாள். அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் வெகுகாலம் இருந்தது.

இதையெல்லாம் நான் அம்மாவிடம் வாய்விட்டுப் பேசியது எவ்வளவோ வருஷம் கழித்து. தங்கைக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அவள் பிள்ளைக்கு முதல் வேலையாக அம்மை குத்திய சமயம். நான் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மா பாகற்காய் அரிந்துகொண்டிருந்தாள். வெங்காயம் வைத்த கதையை அன்றுதான் சொன்னேன். உனக்குத் தெரியக் கூடாது என்று எங்களுக்குள் எத்தனை ஜாக்கிரதை, கடைசி நாளில் உனக்கு எப்படிச் சந்தேகம் வந்தது என்று கேட்டேன்.

"கடைசி நாளா? மொத நாளே தெரியும்," என்றாள். "அன்னிக்கி நீ வெச்ச பாவக்கா பச்சையாத்தான இருந்துச்சு. அவ செவப்புன்னா. நீயும் ஆங்னு தலையாட்டுற."

நான் அவள் கையில் இருந்த காயைப் பார்த்தேன். காவி கிடைக்காமல் அப்படியே வைத்தது நினைவுக்கு வந்தது. தங்கை சிவப்பு என்றபோது எனக்கும் அது சிவப்பாகத்தான் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது பாய் கடைப் பெட்டியை. அந்தப் பெட்டியை ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவள் அம்மா ஒருத்திதான்.

தெரிந்துகொண்டே எப்படி உனக்குச் சோறு இறங்கியது என்று கேட்டேன்.

"கொயந்த எனக்கோசரம் பொய் சொல்லிகினு கீது," என்றாள். "நான் சாப்புடலன்னா அது பொய்யாப் பூடாதா?"

சொல்லிவிட்டுப் பாகற்காயைப் பிளந்து விதையை எடுக்கத் தொடங்கினாள்.